பறப்பு முடிந்தாலும் பயணம் முடிவதில்லை
வயதானவர்களுடன் ஊருக்குப் போகும் குடும்பங்களுக்கு

பாடசாலை விடுமுறை நெருங்கிவிட்டால் ரொறன்ரோவில் எங்கள் ஆட்களிடம் ஒரே கேள்விதான்: "இந்த முறை ஊருக்குப் போறியளோ?" நல்லூர்த் திருவிழாவுக்கு, கலியாணத்துக்கு, காணி அலுவலுக்கு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் இருக்கும். எந்த ரிக்கற் மலிவு, எத்தனை கிலோ கொண்டு போகலாம், யார் யாருக்கு என்ன வாங்குவது என்று வாரக்கணக்கில் பேசுவோம். ஆனால் விமானம் மாறும் இடத்தில் அம்மாவால் எவ்வளவு தூரம் நடக்க முடியும், கட்டுநாயக்காவில் இறங்கிய பிறகு வீட்டுப் படலையைத் திறக்க இன்னும் எத்தனை மணித்தியாலம், அதற்கிடையில் அவர் எப்போது சாப்பிடுவார், எப்போது ஊசி போடுவார் என்று யாரும் கேட்பதில்லை.

நாங்களும் கேட்கவில்லை. 2023 ஆகஸ்டில் புத்தளம் வீதியில் ஒரு தேநீர்க் கடை வாசலில் நின்றபோதுதான் அந்தக் கேள்விகள் எல்லாம் எங்களுக்குத் தோன்றின.

எங்களுக்கு நடந்தது

நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், எழுபத்தாறு வயது அம்மா. அம்மாவுக்குச் சலரோகம்; காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. பதினைந்து வருடங்களுக்குப் பிறகு வடமராட்சியில் உள்ள தன் வீட்டைப் பார்க்கப் போகிறார். காசு மிச்சம் பிடிப்பதாக நினைத்து, வளைகுடா நகரம் ஒன்று வரை ஒரு ரிக்கற், அங்கிருந்து கொழும்புக்கு வேறொரு ரிக்கற் என்று தனித்தனியே வாங்கினோம். இடையில் இரண்டு மணித்தியாலம் இருந்தது. "தாராளம்" என்று நினைத்தோம்.

முதல் விமானம் இரண்டு மணித்தியாலம் பிந்தியது. ரிக்கற் இரண்டு என்பதால் பெட்டிகளும் நேராகக் கொழும்புக்குப் போகவில்லை. நாட்டுக்குள் நுழைந்து, பெட்டிகளை எடுத்து, மீண்டும் வரிசையில் நின்று ஒப்படைக்க வேண்டியிருந்தது. அடுத்த விமானம் போய்விட்டது. புதிதாக ரிக்கற் வாங்கி, பதினான்கு மணித்தியாலம் நாற்காலிகளில் காத்திருந்தோம்.

அங்கே விடிந்து எட்டு மணியானதும் கைத்தொலைபேசியில் நேரத்தைப் பார்த்து அம்மாவுக்குக் காலை ஊசி போட்டோம். அன்று பின்னேரம், விமானம் கொழும்பை நெருங்கும்போது அம்மா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது ரொறன்ரோ நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. காலை எட்டு மணி காட்டியது. "காலை ஊசி நேரம்" என்று அவராகவே மீண்டும் ஒன்று போட்டுக்கொண்டார். எங்களிடம் சொல்லவில்லை. இறங்கியதும் சாப்பிடலாம் என்று எண்ணியிருப்பார். குடிவரவு வரிசை, பெட்டி, சுங்கம் என்று நேரம் ஓடியது. வானில் ஏறும்போது அவர் சாப்பிட்டிருந்தது ஒரு பிஸ்கட் மட்டுமே.

எங்களுக்காக அதிகாலை நாலு மணிக்கே வந்த சாரதித் தம்பி, நாள் முழுவதும் விமான நிலைய வாசலில் காத்திருந்துவிட்டு இரவு எட்டரைக்கு வண்டியை எடுத்தார். புத்தளத்தை நெருங்கும்போது மணி பதினொன்று. அம்மா ஏதோ முணுமுணுத்தார். களைப்பு என்று விட்டுவிட்டோம். மகள்தான் சொன்னாள்: "அம்மம்மா கதைக்கிறது விளங்கேல்லை. அவவின்ரை கை ஈரமா இருக்கு."

சாரதி திரும்பிப் பார்த்தார். "அண்ணை, அம்மாவுக்குச் சீனி குறைஞ்சு போச்சுப் போலை. என்ரை அம்மாவுக்கும் இப்பிடித்தான் வாறது. ஒருக்கா நிப்பாட்டுவம்." திறந்திருந்த ஒரு கடையில் சீனி அள்ளிப்போட்ட பிளேன்ரீ வாங்கி ஆற்றிக்கொண்டு வந்தவரும் அவரே. சீனி பார்க்கும் கருவி எங்களிடம் இருந்தது. ஆனால் வானின் பின்புறம், ஏழு பெட்டிகளுக்கு அடியில்.

அருகிலிருந்த அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். பணியில் இருந்த டொக்டர் இரண்டே கேள்விகள் கேட்டார். "எப்ப ஊசி போட்டவ? எப்ப சாப்பிட்டவ?" ஒரு குடும்பத்தில் நாலு பேர் நாலு பதில் சொன்னோம். விடியும்வரை அங்கேயே வைத்திருந்து பார்த்தார்கள். அம்மா தேறிவிட்டார். ஆனால் மறுநாள் மதியம் வீட்டு வாசலில் இனசனம் எல்லாம் கூடி நின்றபோது, அவர் அரைத் தூக்கத்தில் இருந்தார். கைத்தாங்கலாகக் கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினோம். பதினைந்து வருடம் காத்திருந்து வந்த அந்த வருகை அவருக்கு இன்றுவரை ஞாபகமில்லை.

பறப்பில் எங்களுக்கு ஒரு குறையும் நேரவில்லை. விமானம் மாறிய இடத்திலும், வானில் ஏறிய இடத்திலுமே எல்லாம் பிழைத்தது. ஆகவே ஒன்றைத்தான் இங்கே வலியுறுத்துகிறோம்: பயணத்தைத் திட்டமிடும்போது ரிக்கற் விலையிலிருந்து தொடங்காதீர்கள். குடும்பத்தில் உடல்நிலை ஆகக் குறைந்தவர் யாரோ, அவருடைய நாளிலிருந்து தொடங்குங்கள்.

ரிக்கற் வாங்கும்போதே கவனிக்க வேண்டியவை

ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இல்லை. எங்காவது ஓரிடத்தில் மாறத்தான் வேண்டும். முழுப் பயணமும் ஒரே ரிக்கற்றில் இருக்கட்டும். அப்படி இருந்தால், முதல் விமானம் பிந்தி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டிகளும் பெரும்பாலும் நேராகக் கொழும்புக்கே போகும். தனித்தனி ரிக்கற் என்றால் இரண்டும் உங்கள் தலையில்.

விமானம் மாற ஒன்றரை மணித்தியாலம் போதும் என்று கணினி காட்டலாம். அது ஓடக்கூடிய ஆளுக்கான கணக்கு. சக்கர நாற்காலியில் போகிறவர் பெரும்பாலும் விமானத்திலிருந்து கடைசியாகவே இறக்கப்படுவார். நாற்காலி தள்ளுபவர் வரும்வரை காத்திருக்கவும் நேரும். முதியவருடன் போனால் மூன்று, நாலு மணித்தியால இடைவெளியைத் தேர்ந்தெடுங்கள். கழிப்பறைக்குப் போக, ஆறுதலாகச் சாப்பிட, கொஞ்சம் நடக்க அது உதவும். எட்டு மணித்தியாலத்துக்கு மேல் போனால் படுத்து எழும்ப ஓர் அறையை முன்கூட்டியே பாருங்கள்.

சக்கர நாற்காலிக்கு விமான நிறுவனங்கள் கட்டணம் வாங்குவதில்லை. குறைந்தது 48 மணித்தியாலத்துக்கு முன் சொல்லிவைக்க வேண்டும். அதில் மூன்று வகை உண்டு. நெடுந்தூரம் நடக்கத்தான் முடியாது, படி ஏறுவேன் என்பவர்களுக்கு டபிள்யூ.சி.எச்.ஆர். படியும் ஏற முடியாதவர்களுக்கு டபிள்யூ.சி.எச்.எஸ். ஆசனம் வரை கொண்டுபோய் இருத்த வேண்டியவர்களுக்கு டபிள்யூ.சி.எச்.சி. "வீல்செயர் வேணும்" என்று மட்டும் சொன்னால் முதல் வகையைப் போட்டுவிடக்கூடும். சில இடங்களில் விமானத்திலிருந்து படி வழியாக இறங்கிப் பஸ்ஸில் ஏற வேண்டியிருக்கும். முழங்கால் தேய்ந்த அம்மா அங்கே திகைத்து நிற்பார். வகையைச் சரியாகச் சொல்லுங்கள்.

கைப்பையில் போக வேண்டியவை

எங்கள் கைப்பைகளில் சொக்கலேற்றும் வாசனைத் திரவியமும் இருந்தன. மருந்து பெட்டியில் இருந்தது. அதைத் தலைகீழாக மாற்றுங்கள்.

பயண நாட்களுக்கும் மேலாக ஒரு வாரத்துக்குப் போதுமான குளிசைகள், இன்சுலின், ஊசி, சீனி பார்க்கும் கருவி எல்லாம் கையில் இருக்க வேண்டும். இன்சுலினை ஒருபோதும் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்காதீர்கள். அங்கே உறைந்து போகலாம்; உறைந்த இன்சுலின் பயன்படாது. பாவனையில் உள்ள இன்சுலின் பலவகையும் சாதாரண அறை வெப்பத்தில் சுமார் 28 நாட்கள் தாங்கும். ஆனால் வெயிலில் நிற்கும் வானுக்குள் விட்டுப்போனால் தாங்காது. பனிக்கட்டியோடு நேரடியாக ஒட்டாமல் குளிர்ப்பையில் வையுங்கள்.

மருந்துகள் மருந்துக்கடை ஒட்டிய பெயர்ச் சீட்டோடு இருக்கட்டும். ஏழு நாள் டப்பாவில் போட்டுக் கொண்டுபோனால் கேட்பவருக்கு விளக்க முடியாது. நோய்கள், மருந்துகள், அளவுகள் எல்லாம் எழுதிய ஒரு கடிதத்தைக் குடும்ப வைத்தியரிடம் வாங்குங்கள். மருத்துவத் தேவைக்கான திரவ மருந்துக்கு 100 மில்லிலீற்றர் கட்டுப்பாடு இல்லை. பாதுகாப்புச் சோதனையில் தனியாக எடுத்துக் காட்டினால் சரி. கோடீன், டிரமடோல் போன்ற வலிநிவாரணிகள் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. அங்கே வெளியே போய்த் தங்குவதானால் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.

இன்னொரு விடயம். கனடாவில் இரத்தச் சீனியை மில்லிமோலில் அளக்கிறோம். ஊரில் மில்லிகிராமில் அளப்பார்கள். அன்றிரவு தாதி "68" என்றதும் மிக உயர்ந்துவிட்டதென்று பதறினோம். உண்மையில் அது எங்கள் கணக்கில் 3.8, குறைவு. எங்கள் எண்ணை 18 ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கு வரும். 4.0 என்றால் 72. இதைக் கடிதத்தின் மூலையில் எழுதி வையுங்கள்.

ஊசிக்கு எந்த மணிக்கூடு?

இலங்கை நேரம் ரொறன்ரோ நேரத்தை விடக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும், குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் முன்னால் நிற்கிறது. கிழக்கே போகும்போது நாள் சுருங்குகிறது. வழக்கமான அளவில் ஊசி போட்டால் இரண்டு ஊசிகள் நெருங்கிவிடும், சீனி விழும். திரும்பி வரும்போது நாள் நீள்கிறது. அப்போது சீனி ஏறக்கூடும். நீங்களாகக் கூட்டிக் குறைக்க வேண்டாம். மூன்று வாரத்துக்கு முன்பே பயண நேரங்களை எழுதிக்கொண்டு வைத்தியரிடம் அல்லது நீரிழிவுத் தாதியிடம் போங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு என்று அவரே எழுதித் தருவார்.

வழி நெடுக ஒரே மணிக்கூட்டைப் பாருங்கள். அம்மாவின் கைக்கடிகாரமாகவே அது இருக்கட்டும். ஒரு சிறு கொப்பியில் ஊசி, குளிசை, சாப்பாடு மூன்றையும் நேரத்தோடு எழுதுங்கள். எழுதும் பொறுப்பு ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துப் போடும் ஊசி என்றால், தட்டு முன்னால் வந்த பிறகே போடுங்கள். விமானத்தில் "இப்ப தருவினம்" என்ற சாப்பாடு ஆட்டம் காரணமாக ஒரு மணித்தியாலம் பிந்தலாம்.

சீனி குறைந்தால் வியர்வை, நடுக்கம், பசி, தடுமாறிய பேச்சு, காரணமில்லாத கோபம் தெரியும். கருவி 4.0 இற்குக் கீழே காட்டினால், ஒரு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்தோ, அரைக் கோப்பைக்குச் சற்று அதிகமான பழச்சாறோ கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள்; ஏறாவிட்டால் திரும்பவும் கொடுங்கள். கருவி கைக்கு எட்டாவிட்டால் அதைத் தேடி நேரம் போக்காமல் முதலில் சீனியைக் கொடுங்கள். நினைவிழந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே வைத்தியசாலைதான்.

காலை மறக்காதீர்கள்

நெடுநேரம் அசையாமல் இருந்தால் கால் நரம்புகளில் இரத்தம் உறைந்து கட்டியாகலாம். அது நெஞ்சுக்கு ஏறினால் உயிராபத்து. உலக சுகாதார நிறுவனம் 2007 இல் வெளியிட்ட ஆய்வின்படி நாலு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணத்தில் இந்த ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆனாலும் அப்படிப் பயணம் செய்வோரில் சுமார் ஆறாயிரம் பேருக்கு ஒருவருக்கே இது வருகிறது. ஆகவே பயம் வேண்டாம், கவனம் வேண்டும். அந்த ஆய்வு விமானத்தை மட்டும் சொல்லவில்லை. கார், பஸ், ரயில் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். இருபது மணித்தியாலம் விமானத்திலும் விமான நிலையத்திலும் இருந்துவிட்டு, அதே காலோடு எட்டு மணித்தியாலம் வானில் குந்தியிருப்பதுதான் எங்கள் பயணம்.

ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வையுங்கள். இருந்தபடியே குதியை ஊன்றி விரல்களை உயர்த்தி, பிறகு விரல்களை ஊன்றிக் குதியை உயர்த்தலாம். முன்பு இரத்தக்கட்டி வந்தவர்கள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் வைத்தியரிடம் கட்டாயம் கேளுங்கள். இறுக்கக் காலுறையும் அளவு பார்த்தே வாங்க வேண்டும். சலரோகத்தால் கால் இரத்தோட்டம் குறைந்தவர்களுக்கு அது கூடாமல் போகலாம். திரும்பிய சில வாரங்களுக்குள் ஒரு கால் மட்டும் வீங்கி நோவெடுத்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ தாமதிக்காதீர்கள்.

எங்கள் அம்மாக்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கழிப்பறைக்குப் போக வேண்டி வரும் என்று தண்ணீர் குடிக்க மாட்டார்கள். சலம் போகும் குளிசையையும் மெல்லத் தவிர்த்துவிடுவார்கள். விமானத்துக்குள் காற்று மிகவும் உலர்ந்தது. உடல் வற்றினால் தலைச்சுற்றும் மலச்சிக்கலும் வரும். விமானத்தில் நடைவழி ஓர ஆசனம் எடுத்துக்கொடுங்கள். "பரவாயில்லை, எத்தினை தரம் வேணுமெண்டாலும் போகலாம்" என்று நாமே முதலில் சொல்லிவிட்டால் அவர்கள் குடிப்பார்கள்.

கட்டுநாயக்காவிலிருந்து வீடு வரை

கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 370 கிலோமீற்றர். நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு என்று போகும் வழி. நிற்காமல் ஓடினாலே ஏழு மணித்தியாலம் வரை எடுக்கும். இதைப் பயணத்தின் வாலாக நினைக்காதீர்கள். இது தனியாக ஒரு பயணம்.

எங்கள் முதல் ஆலோசனை: வயதானவர் இருந்தால் அன்றிரவு நீர்கொழும்பில் தங்குங்கள். விமான நிலையத்திலிருந்து அரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். "ஊருக்கு வந்திட்டு ஆரும் ஹோட்டலிலை படுப்பினமோ?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். குளித்து, சூடாகச் சாப்பிட்டு, காலை நீட்டிப் படுத்து எழும்பினால் ஊசியும் சாப்பாடும் ஊர் நேரத்துக்கு வந்துவிடும்.

சாரதியின் நித்திரையும் உங்கள் சுகாதாரமே. நள்ளிரவு தாண்டி விடியும்வரை உள்ள நேரத்தில்தான் மனிதக் கண் அதிகம் சொருகும். வானைப் பேசும்போதே கேளுங்கள்: எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து வெளிக்கிடுவீர்கள், எங்கே படுப்பீர்கள்? அவர் தங்கும் செலவை நீங்களே கொடுங்கள். விமானம் பிந்தினால் அவருக்கு உடனே அறிவியுங்கள். பின் ஆசனங்களிலும் பட்டி உள்ள வானாகப் பாருங்கள். குழந்தை ஆசனம் வானில் இருக்காது; இங்கிருந்தே கொண்டுபோங்கள்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரிப்பு போடுங்கள். இருந்து எழும்பும் கொமட் உள்ள கழிப்பறை எங்கே இருக்கிறது என்று சாரதியிடம் முதலே கேட்டுவையுங்கள். முழங்கால் நோகும் அம்மாவுக்கு அது பெரிய நிம்மதி. இன்னுமோர் இலக்கம்: 1990. இலவச நோயாளர் காவு வண்டிச் சேவை. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 இல் வடக்குக்கும் வந்தது. வழியில் சிலாபம், புத்தளம், அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி ஆகிய இடங்களில் அரச வைத்தியசாலைகள் உள்ளன. அன்றிரவு எங்களுக்கு இது எதுவும் தெரியாது.

புகையிரதத்தில் போக விரும்புவோர் புறப்படுமுன் சேவை ஓடுகிறதா என்று விசாரியுங்கள். 2025 நவம்பர் இறுதியில் வீசிய 'டிட்வா' புயலில் நாட்டின் பல இடங்களில் வீதிகளும் தண்டவாளங்களும் சேதமடைந்தன. சென்னை வழியாகப் பலாலிக்குப் போக எண்ணுவோரும் உண்டு. அந்தச் சேவை 2019 இல் தொடங்கி, தொற்றுக்காலத்தில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. நீண்ட வான் பயணம் மிச்சம். ஆனால் ரிக்கற் தனித்தனி என்றால் சென்னையில் பெட்டியை எடுத்து மீண்டும் ஏற்ற இந்திய விசா வேண்டும். சிறிய விமானம் என்பதால் படி ஏற வேண்டும்.

காப்புறுதி எடுக்கும்போது பழைய நோய்கள் எதையும் மறைக்காதீர்கள். பல காப்புறுதிகள், புறப்படுவதற்கு முன் குறிப்பிட்ட மாதங்கள் மருந்து மாறாமல் இருக்க வேண்டும் என்று கேட்கும். கடைசி மாதத்தில் குளிசை மாற்றினால் அவர்களுக்கு அறிவியுங்கள்.

திரும்பி வரும்போது

போகும்போது எடுத்த கவனம் வரும்போது இருப்பதில்லை. கடைசி நாள் எல்லா வீடும் ஏறி இறங்கி, அழுது விடைபெற்று, இரவு வானேறி, நேரே விமானத்தில் ஏறுகிறோம். ஒரு நாள் முன்னதாக வெளிக்கிடுங்கள். மேற்கே வரும்போது நாள் நீள்வதால் மேலதிகமாக ஒரு சாப்பாடும், சிலருக்கு மேலதிக ஊசியும் தேவைப்படலாம். அதையும் வைத்தியரிடம் முதலே எழுதி வாங்குங்கள்.

புறப்படுமுன் ஒருமுறை பாருங்கள்

1. முழுப் பயணமும் ஒரே ரிக்கற்றா?
2. விமானம் மாற மூன்று மணித்தியாலமாவது இருக்கிறதா?
3. சக்கர நாற்காலியின் வகையும் சலரோகச் சாப்பாடும் சொல்லியாயிற்றா?
4. மருந்து, கருவி, வைத்தியர் கடிதம் கைப்பையில் இருக்கிறதா?
5. ஊசி நேரம் எழுதிய கொப்பி யாரிடம்?
6. சீனிக் கட்டியோ பழச்சாறோ கைக்கு எட்டும் இடத்தில் உள்ளதா?
7. இறங்கும் இரவில் எங்கே படுக்கிறோம்? சாரதி எங்கே படுக்கிறார்?

2025 ஜூலையில் அம்மாவை மீண்டும் கூட்டிக்கொண்டு போனோம். நீர்கொழும்பில் தங்கியபோது முணுமுணுத்தபடிதான் படுத்தார். காலையில் ஊசி போட்டு, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு ஏழு மணிக்கு வானேறினோம். நாலு இடத்தில் நிறுத்தினோம். ஆனையிறவு உப்பளம் தெரிந்தபோது யன்னலைத் திறக்கச் சொன்னார். வீட்டு வாசலில் தானாகவே இறங்கி, படலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"இந்த முறை முழிப்பா வந்து சேர்ந்தனான்" என்றார்.

உங்கள் வீட்டு முதியவர்களும் அப்படியே போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் எழுதினோம். இவை பொதுவான குறிப்புகளே. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற ஆலோசனையைக் குடும்ப வைத்தியரிடம் பெறுங்கள். சுகமாகப் போய் வாருங்கள்.